பியானோ இசையைத் தனிக் கிட்டாருக்கு மாற்றும்போது வரும் கோளாறுகள்

பியானோவில் 88 கட்டை, பத்து விரல், போதாததற்குக் காலுக்கு ஒரு பெடல். கிட்டாரில் ஆறு கம்பி. வலக்கையில் வேலை செய்வது நான்கே விரல். சுண்டுவிரல் வேடிக்கை பார்க்கும். இடக்கை ஒரே சமயத்தில் நாலைந்து ஃப்ரெட் அகலத்துக்கு மேல் விரியாது. இந்தக் கணக்கெல்லாம் தெரிந்தேதான் பியானோ தாளை எடுத்துவைத்துக்கொண்டு உட்காருகிறோம். அப்புறம் வரும் புகார்கள் ஏறக்குறைய எல்லோருக்கும் ஒன்றுதான். நண்பர்கள் சொன்னவை, நானே மாட்டிக்கொண்டு விழித்தவை, இரண்டையும் சேர்த்து அறிகுறி வாரியாக எழுதுகிறேன். உங்கள் கோளாறு எதுவானாலும் முதல் பகுதியைப் படிக்காமல் தாண்டிப் போக வேண்டாம். பாதிக் கோளாறுகளுக்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

நைலான் கம்பி போட்ட கிளாசிக்கல் கிட்டார் கையில் இருக்கிறது, ஸ்டாஃப் நோட்டேஷன் ஓரளவு படிக்க வரும் என்று வைத்துக்கொள்கிறேன். கம்பிகளை வழக்கம்போல் மெல்லியதிலிருந்து எண்ணுகிறேன்: முதல் கம்பி மேல் ஈ, ஆறாவது தடித்த ஈ.

எங்கு பார்த்தாலும் பாரே பிடி, இரண்டாம் பக்கத்தில் கை மரத்துப்போகிறது

பாரே என்பது ஒரே விரலைப் பல கம்பிகளின் குறுக்கே படுக்கவைத்து அழுத்தும் பிடி. கை வலித்தால் விரல் பயிற்சி போதவில்லை என்று நினைக்காதீர்கள். ஸ்கேல் தப்பு.

பியானோக்காரர்களுக்குக் கறுப்புக் கட்டைகள் கைக்கு இதமானவை. டெபுஸியின் 'கிளேர் து லூன்' டி ஃப்ளாட் மேஜரில் இருக்கிறது. அந்த ஸ்கேலின் ஏழு ஸ்வரங்களையும் எழுதிப் பாருங்கள். கிட்டாரின் திறந்த கம்பிகளான ஈ, ஏ, டி, ஜி, பி ஆகியவற்றில் ஒன்றுகூட அதில் இல்லை. அதாவது ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஒரு விரல் செலவு. அரை ஸ்வரம் ஏற்றி டி மேஜருக்கு வந்துவிட்டால் ஆறு கம்பியும் ஸ்கேலுக்குள் வந்துவிடும். அரை ஸ்வரத்தில் கைக்கு இவ்வளவு நிம்மதி.

எந்த ஸ்கேல் கைக்கு ஒத்துவரும் என்று கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. பாட்டின் பாஸ் ஸ்வரங்களை மட்டும் ஒரு தாளில் எழுதி, எது எத்தனை முறை வருகிறது என்று எண்ணுங்கள். ஸ்கேலை மாற்றினால் அதிகம் வரும் இரண்டு ஸ்வரங்களும் திறந்த ஈ, ஏ, டி ஆகிய மூன்றில் எந்த இரண்டில் விழும் என்று பாருங்கள். ஏ மேஜர், ஏ மைனர், ஈ மேஜர், ஈ மைனர், ஆறாம் கம்பியை இறக்கினால் டி மேஜர், டி மைனர். பெரும்பாலான பாட்டுகளுக்கு விடை இவற்றில் ஒன்றாக இருக்கும்.

ஸ்பானிய இசையமைப்பாளர் அல்பெனிஸின் 'அஸ்தூரியாஸ்' இதற்கு நல்ல பாடம். பியானோவில் அது ஜி மைனர். ஓயாமல் தட்டிக்கொண்டே இருக்கும் ஸ்வரம் டி. கிட்டாரில் அதை ஈ மைனரில் வாசிக்கிறார்கள். தட்டும் ஸ்வரம் பி ஆகி, திறந்த இரண்டாம் கம்பியில் உட்கார்ந்துகொள்கிறது. இடக்கைக்கு அதைப் பற்றிய கவலையே இல்லை. மெலடியை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். முதலிலேயே கிட்டாருக்கு எழுதியது என்று பலர் நம்புவதற்கு இதுவும் ஒரு காரணம். அவரே எழுதிய 'கிரனாடா' பியானோவில் எஃப் மேஜர். கிட்டாரில் அரை ஸ்வரம் இறங்கி ஈ மேஜர்.

"மூல ஸ்கேலை மாற்றலாமா?" என்று கேட்பவர்கள் உண்டு. தனியாக வாசிக்கும்போது தாராளமாக மாற்றலாம் என்பது என் கட்சி. கூடப் பாடுபவரோ வயலினோ இருந்தால் கதை வேறு. கேப்போ (எல்லாக் கம்பிகளையும் ஒரு ஃப்ரெட்டில் அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போட்டுச் சமாளிக்கலாமே என்றால், கேப்போ கீழ் ஸ்வரங்களைத் தின்றுவிடும். பியானோவிலிருந்து மாற்றும்போது நமக்கு ஏற்கெனவே கீழே இடம் போதவில்லை. இருப்பதையும் ஏன் இழப்பானேன்?

மெலடியும் பாஸும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கேட்கின்றன

கிட்டார் இசை, ஒலிப்பதைவிட ஓர் ஆக்டேவ் மேலே எழுதப்படுகிறது. பியானோவின் வலக்கை வரியை அப்படியே கிட்டாரில் படித்து வாசித்தால் மெலடி உங்களுக்குத் தெரியாமலே ஓர் ஆக்டேவ் இறங்கிவிடும். பாஸை மட்டும் உண்மையான உயரத்தில் வைத்திருப்பீர்கள். நடுவில் இருந்த காற்று போய்விட்டது.

இறக்குவது தவறில்லை. பல சமயம் வேறு வழியே இருக்காது. தெரிந்து இறக்க வேண்டும், அவ்வளவுதான்.

எரிக் சாட்டியின் முதல் 'ஜிம்னோபெடி' (1888) இந்த விஷயத்தில் என்னை நன்றாக ஏமாற்றியது. பார்த்தால் பச்சைக் குழந்தைக்கு எழுதியது போல இருக்கும்: முதல் தட்டில் ஒரு பாஸ், இரண்டாவதில் ஒரு கார்டு, மேலே ஊர்ந்து செல்லும் மெலடி. டி மேஜர் வேறு. ஒரு மாலையில் முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். மூன்று வாரம் ஆயிற்று.

பியானோவில் மெலடி தொடங்கும் எஃப் ஷார்ப், கிட்டாரில் முதல் கம்பியின் 14-ஆவது ஃப்ரெட். அங்கே கை போனால் கீழே எதையும் பிடிக்க முடியாது. சரி, ஓர் ஆக்டேவ் இறக்கினால் 2-ஆவது ஃப்ரெட். ஆனால் ஜி பாஸோடு வரும் பி, டி, எஃப் ஷார்ப் கார்டின் உச்சி ஸ்வரமும் அதே எஃப் ஷார்ப்தான்! மெலடியும் கார்டும் ஒரே நாற்காலியில் உட்கார வருகின்றன. இந்த இடத்தில் கார்டிலிருந்து எஃப் ஷார்ப்பை எடுத்துவிட வேண்டும். மெலடி சொல்லும் ஸ்வரத்தைக் கார்டு மறுபடி சொல்லத் தேவையில்லை. மிச்சமிருக்கும் டி-யைத் திறந்த நாலாம் கம்பிக்கு இறக்கி, பி-யைத் திறந்த இரண்டாம் கம்பியில் வைத்தால் மெலடிக்குத் தலைக்கு மேல் யாரும் இருக்க மாட்டார்கள்.

இன்னொரு பள்ளம் இருக்கிறது. முதல் வரி முடியும்போது மெலடி கீழே வந்து ஒரு நீண்ட எஃப் ஷார்ப்பில் நின்றுவிடும். ஆக்டேவ் இறக்கிய பிறகு அது நாலாம் கம்பியின் 4-ஆவது ஃப்ரெட், கார்டுக்கும் கீழே. நான் முதலில் அதை மட்டும் மேலே தூக்கி வைத்துப் பார்த்தேன். இறங்கி வந்த வரி கடைசியில் எகிறிக் குதித்தது போல இருந்தது. அது வேண்டாம். கீழேயே விடுங்கள், கட்டைவிரலால் கொஞ்சம் அழுத்தி மீட்டுங்கள், மேலே வரும் கார்டுகளைப் பஞ்சு போலத் தொடுங்கள். ஆறாம் கம்பியை டி-க்கும் ஐந்தாம் கம்பியை ஜி-க்கும் இறக்கிவிட்டால் மாறி மாறி வரும் இரண்டு பாஸும் திறந்த கம்பியில் கிடைக்கும். அந்த நீண்ட ஸ்வரத்தில் வைத்த விரலைப் பல பார்களுக்கு எடுக்காமலே இருக்கலாம்.

ஆகவே ஆக்டேவ் மாற்றும் முன் மெலடியின் மிக உயர்ந்த ஸ்வரத்தை மட்டும் பார்க்காதீர்கள், மிகத் தாழ்ந்ததையும் பாருங்கள். நாம் எல்லோரும் உச்சியைத்தான் பார்க்கிறோம்.

தனியாக வாசித்தால் மெலடி கேட்கிறது, சேர்த்து வாசித்தால் காணோம்

ஃபோனில் பதிவு செய்து, பாட்டைத் தெரியாத ஒருவரிடம் போட்டுக்காட்டி, கேட்டதை முனகச் சொல்லுங்கள். உங்கள் காது நம்பத்தகுந்தது அல்ல. மெலடி எங்கே இருக்கிறது என்று அதற்கு ஏற்கெனவே தெரியும்.

அவர் வேறு எதையோ முனகினால், மெலடிக்கு மேலே ஏதோ ஒலிக்கிறது என்று பொருள். பெரும்பாலும் திறந்த முதல் கம்பிதான் குற்றவாளி. மெலடி இரண்டாம் கம்பியில் போய்க்கொண்டிருக்கும்போது அது மணி போல ஒலித்துக் கவனத்தைப் பிடுங்கிக்கொள்ளும். அந்த ஸ்வரத்தை நீக்குங்கள், அல்லது மெலடியை முதல் கம்பிக்கு மாற்றுங்கள்.

மேலே எதுவும் இல்லையென்றால் பிரச்சினை வலக்கையில். மெலடியை ரெஸ்ட் ஸ்ட்ரோக்கில், அதாவது விரல் அடுத்த கம்பியில் சாய்ந்து நிற்கும்படி மீட்டி, மற்றதை ஃப்ரீ ஸ்ட்ரோக்கில், அதாவது விரல் எந்தக் கம்பியிலும் சாயாமல், விடுங்கள். மெலடியைச் சத்தமாக்குவதைவிட மற்றதைக் குறைப்பது எப்போதும் மேல்.

நீண்ட ஸ்வரம் நிற்காமல் செத்துப்போகிறது

ஷோபானின் ஓபஸ் 28 பிரெலூட்களில் நாலாவது, ஈ மைனரில் உள்ளது. முதல் பார் ஆச்சரியமாக, பியானோவில் எழுதிய அதே உயரத்திலேயே கிட்டாரில் வந்து உட்கார்ந்துவிடும்: மெலடி பி முதல் கம்பி 7-இல், கீழே கார்டின் ஈ இரண்டாம் கம்பி 5-இல், பி மூன்றாம் கம்பி 4-இல், ஜி நாலாம் கம்பி 5-இல். அப்புறம் கார்டின் குரல்கள் ஒவ்வொன்றாகப் படியிறங்கும். கைக்கு இவ்வளவு ஒத்துழைக்கும் பாட்டா என்று மகிழ்ந்துபோய் வாசித்தால், மெலடி மூன்று தட்டுக்கு நிற்க வேண்டிய இடத்தில் ஒன்றரைத் தட்டிலேயே மங்கிவிடுகிறது. கீழே கார்டு மட்டும் டொக் டொக் என்று தட்டிக்கொண்டிருக்கிறது.

பியானோவிலும் ஸ்வரம் தேய்கிறது. ஆனால் நம்மதைவிட மெதுவாக, பெடலும் கைகொடுக்கிறது. இங்கே மூன்று காரியம் செய்யலாம்.

முதலாவது, மெலடியை மீட்டிய உடனே வரும் கார்டை விட்டுவிடுவது. காது ஒரு ஸ்வரத்தைப் பிடித்துக்கொள்ள ஒரு நொடி இடம் கொடுத்தால் அது மங்கிய பிறகும் கேட்பது போலவே நினைத்துக்கொள்ளும். எட்டுக் கார்டு எழுதியிருந்தால் எட்டும் வேண்டும் என்பதில்லை. மூன்று ஸ்வரக் கார்டை ஒரு முறை இரண்டு ஸ்வரமாகவும் மறுமுறை ஒன்றாகவும் மெலித்து வாசித்தாலும் அந்தத் துடிப்பு இருக்கும். இரண்டாவது வேகம். அந்தப் பிரெலூடில் 'லார்கோ' (மிக மெதுவான நடை) என்று போட்டிருப்பதைப் பார்த்து எல்லோரும் ஊர்கிறார்கள். அதே வரியில் இரண்டாகத் தாளம் எண்ணச் சொல்லும் 'கட் டைம்' குறியும் இருக்கிறது. கிட்டாரில் பியானோவைவிடக் கொஞ்சம் நடையைக் கூட்டினால் யாருக்கும் உறுத்தாது. மூன்றாவது, பார் தொடங்கும் இடத்தில் ஸ்வரத்தை மறுபடி மீட்டிவிடுவது. மூன்றில் இது கடைசியாகக் கைவைக்க வேண்டியது.

ட்ரெமலோ (ஒரே ஸ்வரத்தை வேகமாகத் திரும்பத் திரும்ப மீட்டுவது) போடலாமே என்பார்கள். போட்டால் ஷோபான் ஸ்பெயினுக்குக் குடிபெயர்ந்துவிடுவார்.

கை மாறும் ஒவ்வொரு இடத்திலும் ஓட்டை விழுகிறது

பெடல் இருந்தால் கையை எடுத்த பின்னும் ஒலி நிற்கும். கிட்டாரில் விரலை எடுத்த கணமே சத்தம் போயிற்று. ஆனால் கிட்டாருக்கும் ஒரு பெடல் உண்டு: திறந்த கம்பி. கை நகரும் நேரத்தில் ஏதாவது ஒரு திறந்த கம்பி ஒலித்துக்கொண்டிருந்தால் ஓட்டை யாருக்கும் தெரியாது.

மொசார்ட்டின் சி மேஜர் சொனாட்டா, கே 545. முதல் இரண்டு பாரை ஓர் ஆக்டேவ் இறக்கிப் பாருங்கள். இடக்கையின் ஆல்பர்டி பாஸான (கார்டைப் பிரித்து ஒவ்வொரு ஸ்வரமாக வாசிப்பது) சி, ஜி, ஈ, ஜி, நாம் கிட்டாரில் முதலில் கற்கும் சி கார்டிலேயே வந்துவிடும். மெலடி சி, ஈ, ஜி-யும் அங்கேயே. ஆஹா என்று இருக்கும். மூன்றாம் பாரில் மாட்டும். மெலடி ஏ-க்கு ஏறி, ஜி-க்கு இறங்கி, நாலாவது தட்டில் மேல் சி-க்குத் தாவுகிறது. அது முதல் கம்பியின் 8-ஆவது ஃப்ரெட். கையோ இன்னும் 3-ஆவது ஃப்ரெட்டில் ஐந்தாம் கம்பியின் சி-யைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

பலர் இங்கே கீழ் வரியை வெட்டிவிடுகிறார்கள். வெட்ட வேண்டாம். மூன்றாம் தட்டில் கீழ் வரி சி, ஜி. நாலாம் தட்டில் ஈ, ஜி. அந்த முதல் ஜி-யைத் திறந்த மூன்றாம் கம்பியில் மீட்டுங்கள். அது ஒலிக்கும் அரைத் தட்டு நேரம் இடக்கைக்கு விடுமுறை. அதற்குள் மேலே ஏறி, ஈ-யை ஐந்தாம் கம்பி 7-இலும் மெலடி சி-யை முதல் கம்பி 8-இலும் பிடித்துவிடலாம். அடுத்தடுத்த ஃப்ரெட்கள், விரிப்பே இல்லை. பிறகு வரும் ஜி மறுபடி திறந்த கம்பி. ஒரு ஸ்வரம்கூடக் குறையவில்லை.

இதையே பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். கை தாவ வேண்டிய இடம் வந்தால், அதற்கு முந்தைய ஸ்வரம் திறந்த கம்பியில் கிடைக்குமா என்று தேடுங்கள். கிடைக்காவிட்டால் தாவலை ஒரு ஸ்வரம் முன்னாலோ பின்னாலோ தள்ளுங்கள்; சொற்றொடர் முடிந்து மூச்சு விடும் இடத்தில் தாவினால் ஓட்டையே மூச்சாகிவிடும். படிப்படியாக இறங்கும் மெலடியை ஒரே கம்பியில் வாசிக்காமல் அடுத்தடுத்த கம்பிகளில் பகிர்ந்து, ஒன்றின் மேல் ஒன்று ஒலிக்க விடும் கம்பனெல்லா முறையும் பெடல் மயக்கத்தைக் கொஞ்சம் கொண்டுவரும். ஆனால் அதை மொசார்ட்டில் போட்டால் வழவழவென்று ஆகிவிடும், டெபுஸிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கீழே சேறாகக் கலங்குகிறது

இரண்டு காரணம், இரண்டையும் சோதிப்பது சுலபம்.

கார்டை ஒரே ஒரு முறை மீட்டி நிறுத்துங்கள். அப்போதே கலங்கினால் ஸ்வரங்கள் கீழே நெருக்கமாக இருக்கின்றன. சாதாரண ஜி கார்டைப் பிடித்துத் தடித்த மூன்று கம்பிகளை மட்டும் மீட்டிப் பாருங்கள், புரியும். ஐந்தாம் கம்பியில் 2-ஆவது ஃப்ரெட்டில் இருக்கும் பி-யைத் தூக்கிவிட்டு, அதே பி-யைத் திறந்த இரண்டாம் கம்பியில் வையுங்கள். கார்டு அதேதான், தண்ணீர் தெளிந்துவிடும்.

ஒரு கார்டு தெளிவாக இருந்து, இரண்டு மூன்று சேர்ந்ததும் கலங்கினால், பழைய பாஸ் இன்னும் ஒலிக்கிறது. திறந்த பாஸ் கம்பிகளைத் தேடித் தேடி ஸ்கேல் தேர்ந்தெடுத்தோம் அல்லவா, அதற்கான வட்டி இது. ஐந்தாம் கம்பியிலிருந்து ஆறாம் கம்பிக்குப் போகும்போது கட்டைவிரலை ரெஸ்ட் ஸ்ட்ரோக்கில் மீட்டினால் அது ஐந்தாம் கம்பியில் வந்து சாய்ந்து அதை அடக்கிவிடும், இனாம். எதிர்த்திசையில் இனாம் கிடையாது. ஐந்தாம் கம்பியை மீட்டிய பின் கட்டைவிரலின் முதுகால் ஆறாவதைத் தொட்டு அணைக்க வேண்டும்.

உச்சத்தில் பலமே இல்லை

பியானோவில் இரண்டு கையும் ஆக்டேவ் ஆக்டேவாக இடிக்கும் இடம். நீங்கள் அத்தனை ஸ்வரத்தையும் திணித்து எழுதியிருப்பீர்கள். ஆறு ஸ்வரக் கார்டு பிடிப்பதற்கே கை திணறும். திணறும் கையில் சத்தம் வராது. பாதியை எறிந்துவிடுங்கள். மூன்று ஸ்வரம் அழுத்தமாக ஒலித்தால் ஆறு ஸ்வரம் முனகுவதைவிடப் பெரிதாகக் கேட்கும். முழுக் கார்டு வேண்டுமென்றால் திறந்த கம்பிகள் கலந்த பிடியாகப் பார்த்து, கட்டைவிரலாலோ மற்ற விரல்களாலோ ஒரே வீச்சில் வாருங்கள். அஸ்தூரியாஸில் தட்டும் ஸ்வரத்துக்கு நடுவே திடீரென்று வெடிக்கும் கார்டுகளை அப்படித்தான் வாசிக்கிறார்கள்.

அதைவிட முக்கியம், உச்சத்துக்கு முந்தைய எட்டுப் பாரை எவ்வளவு சன்னமான சத்தத்தில் வாசிக்கிறீர்கள் என்பது. சத்தத்தில் கிட்டாருக்கு மேலே இடம் கம்மி. கீழே நிறைய இருக்கிறது.

கம்ப்யூட்டரில் அருமையாக இருக்கிறது, கையில் வரவில்லை

மியூஸ்ஸ்கோர் போன்ற இசை எழுதும் மென்பொருளுக்கு விரல் கிடையாது. ஒரே கம்பியில் இரண்டு ஸ்வரம் எழுதினாலும் சமர்த்தாக வாசித்துக்காட்டும். கிட்டார் வரியோடு, எந்தக் கம்பி எந்த ஃப்ரெட் என்று காட்டும் டேப் வரியையும் சேர்த்துப் போடுங்கள். மோதும் இடங்கள் கண்ணில் படும். க்ளெஃப் குறிக்குக் கீழே சின்ன 8 இருக்கிறதா என்றும் பாருங்கள், இல்லையென்றால் எல்லாமே ஓர் ஆக்டேவ் மேலே ஒலித்து உங்களை ஏமாற்றிக்கொண்டிருக்கும்.

என் வழக்கம், கிட்டார் மடியில் இல்லாமல் ஒரு பாரும் எழுதுவதில்லை. நாலு பார் பென்சிலில், விரல் எண்களோடு. மறுநாள் காலையில் அதை வாசித்து வராத பிடியை அடித்துவிட்டு, அதன் பிறகுதான் கம்ப்யூட்டர்.

எல்லா ஸ்வரமும் இருக்கிறது, ஆனால் அந்தப் பாட்டாக இல்லை

பாஸ் வரியை மட்டும் வாய்விட்டுப் பாடுங்கள். பியானோவில் படிப்படியாக இறங்கும் பாஸ், உங்கள் தாளில் கைக்கு வசதி என்று நடுவில் ஆக்டேவ் ஏறிக் குதிக்கிறதா? அங்கேதான் பாட்டு தொலைந்திருக்கும். நடுக் குரல்களில் எதை வேண்டுமானாலும் எடுக்கலாம், சேர்க்கலாம். பாஸ் போகும் திசையை உடைத்தால் கேட்பவருக்குக் காரணம் தெரியாமலே ஏதோ உறுத்தும். குதித்துத்தான் ஆக வேண்டுமென்றால் வரியின் நடுவில் வேண்டாம், புதிய சொற்றொடர் தொடங்கும் இடத்தில் குதியுங்கள்.

பாஸும் சரியாக இருந்து இன்னும் ஒட்டவில்லையென்றால், பாட்டே கிட்டாருக்கு வராததாக இருக்கலாம். முஸோர்க்ஸ்கியின் 'பிக்சர்ஸ் அட் அன் எக்ஸிபிஷ'னை முழுக்கத் தனிக் கிட்டாருக்கு மாற்றி வாசித்த கஸுஹிதோ யமஷிதா போன்றவர்கள் இருக்கிறார்கள்தான். அதைக் கேட்டுவிட்டு நானும் ஒரு ஷோபான் எட்யூடை (பயிற்சிப் பாட்டு) எடுத்து நாலு மாதம் மல்லுக்கட்டினேன். தாள்கள் இன்னும் அலமாரியில் இருக்கின்றன. அதே ஓபஸ் 28-இல் ஏழாவது பிரெலூட், மொத்தமே 16 பார், ஏ மேஜர், ஸ்கேல் மாற்ற வேண்டியதில்லை. முதல்முறை கைவைப்பவர்கள் அதிலிருந்து தொடங்கலாம்.